சாஞ்ச லாரி ஸ்டாப்பிங்

பரமத்திக்குத் தெக்கால மணல்மேட்டுப் பிரிவுல, ஒரு வெள்ளிக்கெழம காத்தால பத்து இருவதுக்கு, ஒன்றரை லட்சம் முட்டைய ஏத்திக்கிட்டுக் கொல்லத்துக்குப் போயிட்டிருந்த லாரி ஒண்ணு, பாதி சாஞ்சு மீதி சாயாம அந்தரத்துல அப்பிடியே நின்னு போச்சுங்க. இடது பக்கத்துச் சக்கரமெல்லாம் தார விட்டு எறங்கி மண்ணுல அமுந்திருச்சு, வலது பக்கத்துச் சக்கரமெல்லாம் ஆள் ஒசரத்துக்குத் தூக்கிக்கிச்சு, எந்தக் கணக்குல பாத்தாலும் விழ வேண்டிய வண்டி, விழல. ஏன் விழலைன்னு முத நாளு ஊரே கேட்டுச்சு, ரெண்டாம் நாளு நாலு பேரு கேட்டாங்க, மூணாம் நாள்ல இருந்து எல்லாரும் கேட்டது வேற ஒண்ணு: இந்த மனுசன் எதுக்கு ஸ்டியரிங்கத் திருப்புனாரு?

ஏன்னா உள்ள உக்காந்திருந்தது அத்தியப்பன். இந்த ரோட்டுல ஓடுற டிரைவருக எல்லாத்துக்கும் அத்தியப்பனத் தெரியும், அத்தியப்பன் சொல்ற நாயமும் தெரியும். இருவத்திரெண்டு வருசமா டீக்கடை டீக்கடையா நின்னு சொன்ன நாயமுங்க அது. "ஸ்டியரிங்கு திருப்பறதுக்கு இல்லப்பா, புடிச்சுக்கறதுக்கு. குறுக்க எவன் வந்தாலும் பிரேக்க மிதி, ஹாரன அமுக்கு, நேரா போ. தப்புப் பண்ணுனவன் ஒருத்தன், அவன் ஒருத்தனோட போகட்டும். அவனக் காப்பாத்தறேன்னு நீ திருப்புனயின்னா, தேமேன்னு பஸ்சுக்கு நிக்கற பத்துப் பேரச் சாத்திப்போடுவ, லோடையும் கவுத்துப்போடுவ, நீயும் போய்ச் சேந்துருவ." ஒருக்கா சங்ககிரி டிரைவர் ஒருத்தன் ஆட்டுக்குட்டிக்காகத் திருப்பிப் பள்ளத்துல எறக்கிட்டான்னு, அவனுக்கு 'ஆட்டுக்குட்டி மாப்ள'ன்னு பேரு வெச்சதே இவருதான். அவம் பொண்டாட்டியே இப்ப அவன அப்பிடித்தான் கூப்புடறாளாம்.

நானு எதுத்தாப்புல பஞ்சர் கடைங்க. நாலாப்பு பெயிலு, எழுத்தக் கண்டா தலை சுத்தும், ஆனா டயர நல்லாப் படிப்பேன். அன்னிக்கி நடந்தத ரெண்டு கண்ணுல பாத்தவன் நாந்தான். நடு ரோட்டுச் செடிக்கு நடுவுல இருக்கற சந்துல இருந்து பைக்குல ஒருத்தன் வந்தான், ஹெல்மெட்டுக்குள்ள போனச் சொருவிக்கிட்டு. வந்தவன் அக்கட்டயும் போகாம இக்கட்டயும் போகாம, கோலம் போடறாப்புல லாரிக்கு முன்னால நெளிஞ்சான். அத்தியப்பன் பிரேக்க மிதிச்சாரு, ஹாரன அமுக்குனாரு, எல்லாம் அவுரு சட்டப்படி. அதுக்கப்பறம் லாரி இடது பக்கம் திரும்பிருச்சு. பைக்குக்காரன் திரும்பிக்கூடப் பாக்கல, பேசிக்கிட்டே போயிட்டான்.

நான் ஓடிப்போய், "ஏனுங் மாமா, திருப்பிட்டீங்களே!"ன்னேன்.

மேல இருந்து கொரலு வந்துச்சு. "நான் எங்கடா திருப்புனேன்? எங்கை திருப்பிருச்சு."

"கை ஆரோடதுங்?"

"வாய மூடிட்டு ஏணி எடுத்துட்டு வாடா."

ஏணி வந்துச்சு, ஆனா மனுசன் எறங்க முடியல. ஸ்டியரிங்க விட்டு ஒரு விரல எடுத்தாப் போதும், வண்டி ஒருக்கா முனகிச்சு, முட்டைத் தட்டெல்லாம் கிலுகிலுன்னுச்சு, ஊரே கைய நீட்டி "வேண்டாம் வேண்டாம்"னு கத்துச்சு. சரி, லோடையாவது எறக்கலாம்னு சுமைக்காரங்க வந்தாங்க. ஒரு தட்டு அசையல, சுவத்துல சித்திரம் வரைஞ்சாப்புல ஒட்டிக்கிட்டு நிக்குது. கிரேன்காரன் வந்து சங்கிலியக் கட்டி இழுத்தான், கிரேனுதான் முன்னங்கால் தூக்குச்சு. டேஷ்போர்டு கடியாரம் பத்து இருவதுலயே நின்னுச்சு. இஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, டீசல் முள்ளு எறங்கல. அத்தியப்பனுக்குத் தாடி மொளைக்கல, பசி எடுக்கல, ஒண்ணுக்கு வரல, அன்னிக்கி வெள்ளிக்கெழம காத்தால வெச்ச துன்னூறு நெத்தியில அழியல. அவுருக்கு இன்னும் அந்தப் பத்து இருவதுதான், மத்தவங்களுக்குத்தான் சனி ஞாயிறெல்லாம்.

போலீசு வந்து, மொதல்ல மொறைச்சு, அப்பறம் தலையச் சொறிஞ்சு, "விபத்துன்னு எழுதலாம்னா ஆருக்கும் அடியில்ல. பார்க்கிங்குன்னு எழுதலாம்னா சக்கரம் மேல நிக்குது"ன்னு சொல்லிட்டு, நாலு தடுப்ப வெச்சுட்டுப் போயிருச்சு. இன்சூரன்சுக்காரரு கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, "விழுந்தப்பறம் போன் பண்ணுங்க"ன்னுட்டாரு.

வண்டி சாஞ்ச பக்கத்துல, சரியா அதுக்கு அடியில, பேபியக்கா டீக்கடை. காலி பண்ணுன்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. "பங்குனி வெயிலுக்கு இப்பிடி ஒரு நெழலு ஆரு குடுப்பா? விழறப்ப சொல்லியனுப்புங்க, எந்திரிச்சுக்கறேன்"னு அக்கா பால் பாத்திரத்த அந்த நெழலுக்கே இழுத்துப் போட்டுக்கிச்சு. பத்து நாள்ல பஸ் கண்டக்டருக "சாஞ்ச லாரி எறங்கு"ன்னு கத்த ஆரம்பிச்சாங்க. பதினஞ்சு நாள்ல கல்யாணப் பத்திரிகையில 'சாஞ்ச லாரி எதிர்ப்புறம்'னு அச்சடிச்சாங்க. தூக்கி நின்ன டயருக்கு ஆரோ மஞ்சக் குங்குமம் வெச்சாங்க, அது மேல ஆரோ காதுகுத்துக்கு பிளெக்ஸு கட்டுனாங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாரு பிள்ளைகளக் கூட்டியாந்து எத்தன டிகிரின்னு அளக்க வெச்சாரு. ஒரு பிள்ளைக்கும் ஒரு பிள்ளைக்கும் கணக்கு ஒத்துவரல. வாத்தியாரு எல்லாத்தையும் அடிச்சாரு, அடுத்த நாளு அவரே அளந்து பாத்து, அவருக்கும் ஒத்துவராம, பேசாமப் போயிட்டாரு.

அத்தியப்பன் சம்சாரம் பாவாயி தெனம் பதினோரு மணிக்குத் தூக்குப்போசியோட வந்துரும். பசிக்கலைன்னாலும் அவுரு திங்கணும், இல்லைன்னா அதுக்குப் பேச்சு வாங்கணும். ஏணியில நின்னுக்கிட்டு உருட்டி உருட்டி வாயில குடுக்கும், குடுத்துக்கிட்டே, "எவனோ ஒரு நாயிக்கு நீங்க இங்க தொங்கிட்டுக் கெடக்கறீங்க"ன்னு அழுவும். ஏன்னா விழுந்துச்சுன்னா என்ன ஆகும்னு அதுக்குத் தெரியும். அது சொந்தத் தம்பியே அப்பிடிக் கவுந்த கேபின்ல நசுங்குனவன்தான். அதனால அதுக்கு ஒரே ஒரு வேண்டுதல்: வண்டி விழக்கூடாது, நேரா நிக்கணும், புருசன் எறங்கி வரணும்.

டிரைவருக மத்தியில ரெண்டு கட்சி உண்டாயிருச்சு, நேர்க் கட்சி ஒண்ணு, திருப்புக் கட்சி ஒண்ணு. போற வண்டியெல்லாம் இங்க வந்து மெதுவாகும், சன்னல்ல கைய நீட்டி, "நேரா போயிருக்கலாமுங்ணா!"ன்னு ஒருத்தன், "கை வாழ்கணா!"ன்னு இன்னொருத்தன். பன்னெண்டாம் நாளு பட்டப்பகல்ல சங்கக் கூட்டமே லாரிக்குக் கீழ போட்டாங்க. சங்கத் தலைவரு பொங்கியண்ணன், எந்திரிச்சு நின்னாலே ஒரு மணி நேரம் பேசற ஆளு, மைக்கப் புடிச்சுக்கிட்டு, "திருப்பறதுக்கு முன்னால பக்கத்துல ஆரு இருக்கான்னு பாத்தியா அத்தியப்பா? பேபி கடையில அப்ப ஏழு பேரு டீ குடிச்சிட்டிருந்தாங்க. ஒரு கிறுக்கனுக்கு ஏழு பேரா? ஏழு பேரு என்னப்பா தப்புப் பண்ணுனாங்க? டீ குடிச்சது தப்பா?"ன்னாரு.

மேல இருந்து அத்தியப்பன் கரகரன்னு, "நாயந்தானுங். நான் நேரா போயிருக்கணும்"ன்னாரு.

சொன்ன மாத்திரத்துல, தூக்கி நின்ன சக்கரம் ஒரு சாண் எறங்குச்சு.

ஊரு கை தட்டுன தட்டுல காக்காயெல்லாம் பறந்துச்சு. பாவாயி தரையில விழுந்து கும்புட்டுச்சு. இன்னும் ஏழெட்டுத் தரம் மனசாரச் சொன்னாப் போதும், வண்டி நாலு பக்கமும் நின்னுரும், முட்டை ஒண்ணுகூட ஒடையாது, மனுசன் ஊட்டுக்கு வந்துருவாரு. அன்னிக்கிச் சாயங்காலம் பேபியக்கா எல்லாத்துக்கும் ஓசி டீ போட்டுச்சு.

மறுநாளு என் போனுக்கு ஒரு போட்டோ வந்துச்சுங்க. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் லாரிக்குச் சாமான் விக்கற கடையில வேலை செய்யற பையன், சும்மா நின்னு டீ குடிச்சிட்டிருந்தவன், நேத்து இங்க சக்கரம் எறங்குன நேரத்துக்குத் திடீர்னு நாலடி பின்னால போய் விழுந்தானாம், கால் கட்டவெரலு ஒடஞ்சு போச்சாம், மோதுனது எதுவும் இல்லையாம், ஆனா தொடையில டயர் அச்சு விழுந்திருக்குதாம். ஊரே அந்தப் போட்டோவ அனுப்பி அனுப்பிச் சிரிக்குது. நான் சிரிக்கல. அச்சப் பாத்தாலே தெரியுது, மேல புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடு போட்ட டயரு, மூணாவது வரியில ஒரு ரப்பர் கட்டை பேந்திருக்கு. அந்தக் கட்டை பேந்தது எனக்குத் தெரியும், போன மாசம் அதுக்கு ஓரத்துல ஒட்டுப் போட்டதே நாந்தான். அத்தியப்பன் வண்டி, முன்னால, வலது பக்கம். அப்ப அன்னிக்கிப் பைக்குல நெளிஞ்சவன் இவந்தான்.

பாவாயிகிட்டத்தான் மொதல்ல சொன்னேன்.

"அப்ப வண்டி நேரா நின்னுச்சுன்னா?"

"அந்தப் பையன் மேல ஏறுனதா ஆயிரும்க்கா."

"வண்டி விழுந்துச்சுன்னா?"

"மாமா திருப்புனது திருப்புனதா ஆயிரும். வண்டிக்கும் மாமாவுக்கும் என்ன ஆகும்னு சொல்றதுக்கில்ல."

பாவாயி தூக்குப்போசிய மூடுச்சு. "அந்தப் பையன் எனக்கு ஆரு?"ன்னு கேட்டுச்சு. நாயந்தானே, அவன் ஆரு?

விசயம் பரவுனதுல நேர்க் கட்சிக்காரங்க வாயடைச்சுப் போனாங்க. நாயம் பேசறதுன்னா லாரிய விட்டு அரை பர்லாங்கு தள்ளிப்போய், பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு பேசிட்டு வந்தாங்க. லாரிக்குக் கீழ எல்லாரும் மழை, வெயிலு, மாட்டுக்கு வந்த நோவுன்னு பொதுவாப் பேசுனாங்க. ஆனா பாவாயி மட்டும் தெனமும் ஏணி ஏறி, சோத்த உருட்டிக் குடுத்துக்கிட்டே காதோரமா, "நேரா போயிருக்கலாமுல்லீங்க"ங்கும். அவுரு மனசு எளகும், சக்கரம் ரெண்டு விரக்கடை எறங்கும். அப்பறம் தன்னோட கையப் பாப்பாரு, என்னமோ நெனைப்பாரு, சக்கரம் திரும்ப ஏறும். இங்க எறங்க ஏற, எறங்க ஏற, அங்க திருச்செங்கோட்டுல பதினோரு மணியானா அந்தப் பையன் காலப் புடிச்சுக்கிட்டு ஐயோங்கறதும், அஞ்சு நிமிசத்துல சரியாப் போச்சுங்கறதுமா, கடையில ஆராலயும் பொறுக்க முடியாம வெளிய அனுப்பிட்டாங்க.

முப்பத்தொம்போதாம் நாளு அவனே வந்துட்டான். ஆரோ ஒருத்தரோட டி.வி.எஸ்சு பின்னால உக்காந்து வந்தான், ஒத்தக் கால்ல செருப்பு, ஒத்தக் கால்ல கட்டு, நல்லா வளத்தியா, முழிக்கற முழிய பாத்தா பஸ்சு மாறி ஏறிட்டவனாட்ட இருந்தான். கூட்டம் வழி விட்டுச்சு. பாவாயி எந்திரிச்சு நின்னுச்சு. முப்பத்தெட்டு நாளா அவனுக்குன்னு சேத்து வெச்ச பேச்செல்லாம் அதுகிட்ட இருந்துச்சு.

"நீதானா?"

"நாந்தானுங்கக்கா."

"கண்ண எங்கடா வெச்சிருந்த? சட்டைப் பாக்கெட்டுக்குள்ளயா?"

"போன்ல பேசிட்டிருந்தனுங்க."

"ஆருகூட? நீ ரெண்டு நிமிசம் பேசலைன்னா மேட்டூர் டேமு ஒடஞ்சிருமா?"

பையன் தலையக் குனிஞ்சான். "ராங் நம்பருங்கக்கா."

கூட்டத்துல ஒருத்தன் இருமுனான்.

"என்னடா சொன்ன?"

"ஆரோ ஒரு அம்மாங்க. சிலிண்டர் எப்பத் தம்பி வரும்னு கேட்டாங்க. நான் ராங் நம்பர்னு சொல்றதுக்குள்ள, அடுப்புல பருப்பு பாதி வெந்து நிக்குது, சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க, என்ன தம்பி பண்றதுன்னு கேட்டாங்க. வெச்சுப்போட மனசு வரலீங்க. பக்கத்து ஊட்டுல ஒரு சிலிண்டர் வாங்கிக்குங்கம்மான்னு சொல்லிட்டே வந்தனா, லாரிய கவனிக்கல."

மேல இருந்து ஒரு சத்தம் கேட்டுச்சு. அத்தியப்பன் சிரிக்கறாரு. முப்பத்தெட்டு நாளுக்கு அப்பறம் மொதோ சிரிப்பு, வண்டி குலுங்குது, முட்டைத் தட்டு கிலுகிலுங்குது, பேபியக்கா மொதோ தடவையா பால் பாத்திரத்தத் தூக்கிட்டு வெளிய ஓடியாருது.

பாவாயிக்கு ஆத்திரம் அடங்கல. ஒரு மணி நேரம் திட்டுச்சுங்க. அவனத் திட்டுச்சு, போனு கண்டுபுடிச்சவனத் திட்டுச்சு, ரோட்டுல சந்து விட்டவனத் திட்டுச்சு, சிலிண்டர் கம்பெனியத் திட்டுச்சு. அவன் எல்லாத்துக்கும் "ஆமாங்கக்கா, ஆமாங்கக்கா"ன்னு நின்னான். கடைசியில மூச்சு வாங்கி நின்னு, அது வாயையும் மீறி, "அப்பறம் சிலிண்டர் கெடச்சுதாமா?"ன்னு கேட்டுருச்சு.

"தெரியலீங்க. லைன் கட்டாயிருச்சு."

"பேரென்னடா?"

"லோகேசுங்க."

பாவாயி அப்பிடியே மண்ணுல உக்காந்துக்கிச்சு. "போச்சு"ன்னுச்சு. "இத்தன நாளா எவனோவா இருந்தான். இப்ப லோகேசா ஆயிட்டான். மூஞ்சியப் பாத்துப்போட்டனே, இனி நான் என்ன பண்ணுவேன்?"

அன்னிக்கி அது ஏணி ஏறல, சோத்துப்போசிய என்கிட்டக் குடுத்து அனுப்புச்சு. நான் உருட்டிக் குடுக்கறப்ப அத்தியப்பன் கேட்டாரு. "உங்கக்கா என்னடா சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலீங் மாமா."

"எனக்கு விழறதுல பயமில்லடா. நான் பேசுன பேச்சு பொய்யில்ல. பொங்கியண்ணன் சொன்னதும் பொய்யில்ல, அந்த ஏழு பேத்து மேல சாஞ்சிருந்தா இன்னிக்கி நான் என்ன சொல்லுவேன்? ஆனா கை திருப்பிருச்சே. அந்தக் கைய வெச்சுக்கிட்டு இப்ப நான் நேரா போகோணும்னு சொன்னா, அது அன்னிக்கி ஏத்தறதில்ல, இன்னிக்கி ஏத்தறது. தெரிஞ்சு ஏத்தறது."

நான் நாலாப்பு பெயிலுங்க. எனக்கு அது முழுசாப் புரியல. சோறு மட்டும் கையிலயே நின்னு போச்சு.

மறுநாளு விடிஞ்சப்ப, பாவாயி ரோட்டோரமா ஒரு கட்டு வைக்கோலத் தலையில தூக்கியாந்து, லாரி சாஞ்ச பக்கம் போட்டுச்சு. போட்டுட்டு அடுத்த கட்டுக்குப் போச்சு. அவ்வளவுதானுங்க, ஊருக்கு வெளங்கிருச்சு. பத்து மணிக்குள்ள டிராக்டர் டிராக்டரா வைக்கோலு வந்துச்சு, தேங்காமட்டைக் கழிவு வந்துச்சு, மண்டபத்துல இருந்து மாப்பிள்ளை ஊட்டு மெத்தை இருவது வந்துச்சு, கோழிப்பண்ணையில இருந்து உமி மூட்டை வந்துச்சு. பேபியக்கா கடையப் பிரிச்சு, பெஞ்சு, பாய்லரு, சாமி படம் எல்லாத்தையும் ரோட்டுக்கு அக்கட்ட கொண்டுபோய் வெச்சுச்சு. நேர்க் கட்சிக்காரங்க தார்ப்பாயி கொண்டாந்தாங்க. பொங்கியண்ணன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு உமி மூட்டை தூக்குனாரு. தூக்கிக்கிட்டே, "ஒண்ணு சொல்லிப்போடறேன், எங்க கட்சி சொன்னது தப்புன்னு நாங்க ஒத்துக்கல. திருப்பக் கூடாதுதான். ஆனா திருப்புனவன் விழறதுக்கு மெத்தை போடக் கூடாதுன்னு எங்க கட்சியில சட்டம் எதுவும் இல்ல"ன்னாரு. லோகேசு நொண்டி நொண்டி, ஒத்தக் கால்லயே வைக்கோலு பரப்புனான்.

அதுக்கு அடுத்த நாளு, நாப்பத்தோராம் நாளு, வைக்கோலு லாரி ஒசரத்துக்கு ஆயிருச்சு. பத்து இருவதுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது. அத்தியப்பன் கண்ண மூடிக்கிட்டு, "திருப்புனது சரிதான்"ன்னாரு. வண்டி அசையல. இன்னொருக்கா சொன்னாரு. அசையல. வாய் சொல்லுது, மனசு எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது.

பாவாயி சீலையத் தூக்கிச் சொருவிக்கிச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கறப்பவே வைக்கோலு மேல ஏறி, சாஞ்ச பக்கத்து இடது கதவத் தொறந்து, கேபினுக்குள்ள போய், அவுருக்குப் பக்கத்துல உக்காந்துருச்சு. விழற பக்கத்துச் சீட்டுங்க அது.

"ஏய், எறங்கு புள்ள! கிறுக்குப் புடிச்சிருச்சா?"ன்னாரு அத்தியப்பன்.

பாவாயி அவுரு தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்பயும் சீட்டயும் சேத்து இறுக்கிக் கட்டுச்சு. மிச்சத் துண்ட தன் கையில சுத்திக்கிச்சு. அப்பறம் கண்ணாடி வழியா, கீழ நொண்டிக்கால்ல நின்ன லோகேச ஒருக்கா பாத்துச்சு, பாத்துட்டுப் புருசன்கிட்டச் சொல்லுச்சு: "திருப்புனது சரிதானுங்க."

அவுரு அதத்தான் எதிர்பாத்திருந்தாருன்னு அப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அப்பறம், தொட்டில்ல கொழந்தையப் படுக்க வெக்கறாப்புல, அவசரமே இல்லாம, பத்து இருவதுல ஆரம்பிச்சு பதினொண்ணு வரைக்கும், விரக்கடை விரக்கடையா சாஞ்சு சாஞ்சு வைக்கோலு மேல படுத்துச்சு. படுத்தப்பறம் ஒரு நிமிசம் அமைதி. அந்த அமைதி முடிஞ்சதும் ஒன்றரை லட்சம் முட்டையும் ஒண்ணா ஒடஞ்சுது பாருங்க, அந்தச் சத்தம் பரமத்தி வேலூர்க் கடைவீதியில கேட்டுச்சாம், ஆத்துல குளிச்சவங்க எல்லாம் கரையேறி நின்னாங்களாம். வைக்கோலெல்லாம் மஞ்ச, ரோடெல்லாம் மஞ்ச, முன்னால நின்ன பொங்கியண்ணன் வேட்டி மஞ்ச.

முன் கண்ணாடிய ஒடச்சு ரெண்டு பேத்தையும் வெளிய இழுத்தோம். அத்தியப்பனுக்குத் தோள்பட்டை எலும்பு போயிருச்சு, நாப்பத்தோரு நாள் தாடி ஒரே நொடியில மொளைச்சிருச்சு, "பசிக்குதுடா, பசிக்குதுடா"ன்னு கத்துனாரு. பாவாயிக்குக் கீறல் கூட இல்ல, தலையில இருந்து காலு வரைக்கும் முட்டைக் கருதான் வழிஞ்சுது. அது ஒருத்தரையும் பாக்கல, நேரா லோகேசுகிட்டப் போச்சு. அவன் பேண்ட்ட மேல இழுத்து இழுத்து தொடையத் தடவிப் பாத்துக்கிட்டிருந்தான். டயர் அச்சு இல்ல. கட்டவெரலு அசையுது.

"அக்கா, அழிஞ்சிருச்சுங்கக்கா!"ன்னு சிரிச்சான்.

பாவாயி ஒரே ஒரு அறை விட்டுச்சுங்க. ரோட்டுக்கு அக்கட்ட பேபியக்கா பாய்லரு மூடி கிண்ணுன்னு ஆடுச்சு. விட்டுட்டு, அதே கையில அவன இழுத்துக் கட்டிக்கிட்டு, ஓன்னு அழுதுச்சு.

அந்தக் கன்னத்துல அஞ்சு வெரலும் மஞ்சளா விழுந்துச்சுங்க. சோப்புப் போட்டான், சீயக்கா போட்டான், மண்ணெண்ணெய் போட்டான், போகல. நீங்க திருச்செங்கோட்டுப் பக்கம் போனீங்கன்னா, கன்னத்துல மஞ்சக் கையோட ஒருத்தன் பைக்குல வருவான் பாருங்க. கண்ணாடியில பின்னால பாப்பான், கைய நீட்டிக் காட்டுவான், அப்பறந்தான் திரும்புவான். லாரிக்காரங்க அவனப் பாத்தா ஹாரன் அடிக்கறதில்ல, வேகத்தக் கொறச்சு வழி விட்டுட்டுப் போறாங்க.